எத்தனை இலை விழுந்தது? நாணய, அஞ்சல்தலைக் கண்காட்சியின் வெற்றியை அளக்கும் வழி

கல்யாண மண்டப மேலாளருக்கு எந்த விழாவும் கல்யாணம்தான். எங்கள் சங்கம் முதன்முதலாக நாணய, அஞ்சல்தலைக் கண்காட்சி நடத்தி முடித்த ஞாயிற்றுக்கிழமை இரவு, சாவியை ஒப்படைக்கப் போனோம். “எத்தனை இலை விழுந்தது?” என்று கேட்டார். பந்தியே போடாத விழாவுக்கு இலைக்கணக்கு ஏது? எங்கள் செயலாளர் சற்றும் தயங்காமல், “ஆயிரத்துக்கு மேல்” என்றார். மேலாளர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அந்த ஆயிரம் எப்படி வந்தது என்பது மூன்று நாளும் வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும். பெரும்பகுதி வெள்ளிக்கிழமை பள்ளி வண்டிகள் வந்திறக்கிய பிள்ளைகள். மத்தியான வெயிலுக்கு மின்விசிறி தேடி ஒதுங்கியவர்கள் சிலர். டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பிய வியாபாரிகளை ஒவ்வொரு முறையும் புதிய ஆளாக எண்ணியிருந்தேன். செயலாளரையே ஏழெட்டு முறை எண்ணியிருப்பேன். அந்த எண்ணை நம்பி அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு பெரிய மண்டபம் பிடித்தோம். காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தபோதுதான் கணக்கு உறைத்தது.

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்து, “இந்த வருடம் நீங்கள் கண்காட்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பொறுப்பு தலையில் கட்டப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது நாணயமும் அஞ்சல்தலையும். தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களுக்கும் மைப்பேனா சேர்ப்பவர்களுக்கும் முறை ஏறக்குறைய இதேதான்.

முதல் வேலை: யாருக்காக என்று எழுதிவைப்பது

மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒரு கண்காட்சிக்கு நான்கு வகை ஆட்கள் வருகிறார்கள். வேடிக்கை பார்க்க வரும் ஊர்க்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், சேகரிப்பாளர்கள், மேசை எடுத்து விற்கும் வியாபாரிகள். நால்வருக்கும் ஒரே நேரத்தில் நல்ல கண்காட்சி அமைவது அபூர்வம். கூட்டம் நெரிந்தால் ஊர்க்காரருக்குத் திருவிழா. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வந்த சேகரிப்பாளருக்கு அது இம்சை. வியாபாரிக்கு மேசை முன்னால் நிற்கும் நூறு பிள்ளைகளைவிட வாங்கும் ஒரே ஆள் முக்கியம்.

ஆகவே ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். இந்த முறை யாரை மனத்தில் வைத்து நடத்துகிறோம், முடிந்தபின் அவரிடம் என்ன மாற்றம் தெரிய வேண்டும், அதை எப்படிக் கண்டுபிடிப்போம். “சேகரிப்புக் கலையைப் பரப்புதல்” போன்ற வாசகம் அழைப்பிதழுக்கு ஆகும், அளக்க ஆகாது. “புதிதாக வந்தவர்களில் பத்துப் பேராவது அடுத்த மூன்று மாதக் கூட்டங்களில் ஒன்றுக்கு வர வேண்டும்” என்று எழுதினால் அதை அளக்கலாம். தாளில் செயற்குழு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் நடந்ததற்கு ஏற்ப நோக்கத்தைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. எங்களிடமும் இருந்தது.

ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை என்பதால் மண்டபம் எளிதாகக் கிடைக்கும், வாடகையையும் பேசிக் குறைக்கலாம். ஆனால் ஆடியில் நடத்தியதைத் தை மாதத்தில் நடத்தியதோடு ஒப்பிடாதீர்கள். தேர்வுக் காலம், தீபாவளிக்கு முந்தைய வாரம், அடைமழை, கிரிக்கெட் இறுதி ஆட்டம் எல்லாமே எண்ணிக்கையைக் கவிழ்ப்பவை. நோட்டின் முதல் பக்கத்தில் தேதி, கிழமை, வானிலை, ஊரில் அன்றைக்கு வேறென்ன நடந்தது என்பதை எழுதிவையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துப் புரட்டும்போது “ஏன் சனிக்கிழமை ஈ ஆடியது?” என்பதற்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

வாசல் கணக்கு

வாசல் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மற்ற எல்லாக் கணக்குக்கும் அதுதான் அடி எண், அதனால் ஒழுங்காக எடுக்க வேண்டும்.

வாசல் ஒன்றாகவே இருக்கட்டும். சங்கத்தாருக்கும் வியாபாரிகளுக்கும் நிற அட்டை கொடுத்துவிடுங்கள். அட்டை தொங்கும் கழுத்தை எண்ணக் கூடாது. பார்வையாளருக்கு உள்ளே போகும்போது சின்னச் சீட்டு ஒன்று. வெளியே போய் வருபவர் சீட்டைக் காட்டினால் மறுபடி எண்ண வேண்டாம். காலையில் சீட்டுக்கட்டின் தொடக்க எண்ணையும் மாலையில் முடிவு எண்ணையும் குறித்தால் கணக்கு தானாகத் தீர்ந்தது. சீட்டு அச்சடிக்கக் கையில் காசில்லையென்றால் இரண்டு டப்பாவும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். பெரியவருக்கு ஒரு டப்பா, பிள்ளைகளுக்கு ஒன்று. எங்கள் இரண்டாம் கண்காட்சியில் அதைத்தான் செய்தோம். சிரித்தார்கள். ஆனால் அது செயலாளர் வாயில் வரும் எண்ணைவிட நம்பகமான எண்.

வருகைப் பதிவேட்டில் தொலைபேசி எண் கேட்காதீர்கள். பாதிப் பேர் தவறான எண் எழுதுவார்கள், மீதிப் பேர் பேனாவைத் தொடாமல் நகர்ந்துவிடுவார்கள். பெயரும் பின்கோடும் போதும். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அந்த ஆறு இலக்கம் நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிப் பக்கம். முதல் மூன்று இலக்கங்கள் எந்த அஞ்சல் பிரிப்பு மாவட்டம் என்று காட்டிவிடும். இரவு உட்கார்ந்து மூன்று இலக்கப்படி பிரித்தால் விளம்பரம் எதுவரை போய்ச் சேர்ந்தது என்பது தெரியும். பக்கத்து மாவட்டத்துக்கு ஒட்டிய சுவரொட்டிக்கு யாருமே வரவில்லை என்பதை நாங்கள் இப்படித்தான் கண்டுபிடித்தோம். அடுத்த ஆண்டு அந்தக் காசு மிச்சம்.

எவ்வளவு நேரம் நின்றார்கள்

எனக்கு மிகவும் பிடித்த அளவு இது. ஒருவர் உள்ளே வந்து பத்தே நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியேறுவதும், இரண்டு மணி நேரம், அஞ்சல்தலைத் தாள்கள் மாட்டிய ஒரே சட்டகத்தின் முன் குனிந்து நிற்பதும் வாசல் கணக்கில் ஒன்றுதான். வேறுபாட்டைப் பிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை.

மணிக்கு ஒரு முறை, சரியாக அரை மணி அடிக்கும்போது, ஒருவர் கூடத்தைச் சுற்றி வந்து உள்ளே இருக்கும் பார்வையாளர் தலையை எண்ண வேண்டும். அட்டை போட்டவர்களை விட்டுவிட வேண்டும். காலை 10 முதல் மாலை 6 வரை கண்காட்சி என்றால் எட்டு எண்கள் கிடைக்கும். அவை 40, 70, 90, 60, 30, 50, 80, 60 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 480. அன்றைக்கு வாசல் கணக்கு 640 என்றால், 480-ஐ 640-ஆல் வகுக்க முக்கால் வருகிறது. சராசரியாக ஓர் ஆள் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். துல்லியமான கணக்கல்ல, ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் இதே முறையில் எடுத்தால் ஒப்பிடலாம். அடுத்த ஆண்டு ஆள் 500-ஆகக் குறைந்து நேரம் ஒரு மணியாகக் கூடியிருந்தால், நான் சந்தோஷப்படுவேன். செயலாளர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

டீக்காரரையும் கேளுங்கள். அவருக்குத் தினமும் எத்தனை டீ ஓடியது என்பது மனப்பாடம். பேச்சு நீளும் இடத்தில்தான் இரண்டாவது டீ வாங்குவார்கள்.

பள்ளிப் பிள்ளைகள்

பிள்ளைகளைத் தனி டப்பாவில் எண்ணச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர், ஆசிரியர் வரிசையில் நிறுத்திக் கூட்டிவந்தவர்கள். நாற்பது நிமிடத்தில் வரிசை மறுபடி வண்டி ஏறிவிடும். நாளிதழ்ச் செய்திக்கு அந்த எண்ணிக்கை அழகாக இருக்கும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

வேறு இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, வெளியேறும் வழியில் ஒரு தன்னார்வலரை நிறுத்தி, பத்துக்கு ஒரு பிள்ளையிடம் ஓர் ஒற்றை ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, “இது எந்த ஊரில் செய்தது?” என்று கேட்கச் செய்யுங்கள். ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. இதை விளக்கும் அட்டை ஒன்று உள்ளே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நாணயத்தைக் கொடுத்ததும் பிள்ளை ஆண்டுக்குக் கீழே பார்த்தால் ஒரு கோடு போடுங்கள். சரியான ஊரைச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே, போதும்.

முதல் முறை நாங்கள் இதைச் செய்தபோது கோடுகள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் விழுந்தன. காரணம் சுலபமானது. விளக்க அட்டையைப் பெரியவர்களின் கண் உயரத்தில் மாட்டியிருந்தோம்.

இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழைய அஞ்சல்தலை போட்ட சிறு உறை ஒன்றைக் கொடுங்கள். உறையோடு ஒரு சீட்டு: “ஞாயிற்றுக்கிழமை வீட்டாருடன் வந்தால் ஒரு 25 பைசா இலவசம்.” காண்டாமிருகம் போட்ட அந்த 25 பைசாவை இன்றைய பிள்ளைகள் புழக்கத்தில் பார்த்ததே இல்லை. 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவையாகிவிட்டன. சங்கத்தில் யாரிடமாவது ஒரு டப்பா நிறையக் கிடக்கும். ஞாயிறன்று திரும்பி வந்த சீட்டுகளை எண்ணுங்கள். இருநூறு பிள்ளைகள் வந்து எட்டுச் சீட்டு திரும்பினால், அந்த எட்டுதான் உங்கள் எண். அந்த எட்டுப் பேருக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுங்கள்.

“இது எத்தனை லட்சம் போகும்?”

எந்த நாணயக் கண்காட்சிக்குப் போனாலும் ஒருவர் கைக்குட்டையில் ஐந்து ரூபாய் நோட்டை மடித்துக் கொண்டுவருவார். டிராக்டர் படம் போட்ட நோட்டு. அல்லது 786 என்று முடியும் எண், அல்லது வைஷ்ணவ தேவி நாணயம். யாரோ காணொளியில் லட்சம் தருவதாகச் சொன்னார்கள் என்பார். அலைந்து திரிந்து பஸ் ஏறி வந்திருப்பார். அவரை ஏளனமாகப் பேசும் வியாபாரியை அடுத்த ஆண்டு கூப்பிடாதீர்கள்.

இவர்களுக்கென்று வாசலருகே தனி மேசை போடுங்கள். விவரம் தெரிந்த, பொறுமையான இரண்டு பேர் அங்கே இருக்கட்டும். தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திப் பழைய நோட்டு, நாணய வியாபாரம் என்ற பெயரில் கட்டணமும் கமிஷனும் கேட்கும் மோசடிக்காரர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தது. அந்த அறிவிப்பைப் படி எடுத்து மேசையில் ஒட்டிவையுங்கள். மாலையில் மூன்று எண்கள் குறிக்க வேண்டும். எத்தனை பேர் விலை கேட்டு வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே யாருக்கோ ‘பதிவுக் கட்டணம்’ கட்டி ஏமாந்தவர்கள், விளக்கம் கேட்டபின் எத்தனை பேர் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார்கள். மூன்றாவது எண்தான் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கான மதிப்பெண். லட்சம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போகாமல், பாட்டி வைத்திருந்த ஓட்டைக் காலணாவைப் பற்றிக் கேட்க உள்ளே நுழைகிறவர் ஒரு சேகரிப்பாளராக ஆகக்கூடியவர்.

இதே மேசையில்தான் போலிகளும் வந்து விழும். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்ட ‘அணா’ வாரம் ஒன்றாவது யாராவது எனக்குக் காட்டுகிறார்கள். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை அடித்ததே இல்லை. வந்தவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அது விற்பனை மேசை ஒன்றில் அசல் என்று உட்கார்ந்திருந்தால் நோகும்படியே சொல்லலாம். எத்தனை மேசைகளிலிருந்து எத்தனை போலிகளை எடுக்கச் சொன்னீர்கள் என்பதும் நோட்டில் ஏற வேண்டிய எண். ஆண்டுதோறும் அது குறைய வேண்டும்.

மண் ஒட்டிய காசுகளோடு யாராவது வந்து, “வயலில் கிடைத்தது” என்றால் எந்த வியாபாரியும் கை நீட்டக் கூடாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இதை மேசை கொடுக்கும்போதே வியாபாரிகளிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

வியாபாரிகள்

“விற்பனை எப்படி?” என்று வியாபாரியிடம் கேட்பதில் பயன் இல்லை. நன்றாக விற்றவர் அடுத்த ஆண்டு மேசை வாடகை ஏறிவிடும் என்று முகத்தைச் சுளிப்பார். விற்காதவர் கௌரவத்துக்காகப் பரவாயில்லை என்பார். இரண்டையும் நம்பாதீர்கள். கண்ணால் பார்க்க வேண்டியவை மூன்று.

கடைசி நாள் எத்தனை மணிக்கு மூட்டை கட்டத் தொடங்கினார்கள்? ஆறு மணி வரை கண்காட்சி என்று அறிவித்து, மூன்று மணிக்கே ஆல்பங்கள் பெட்டிக்குள் போகின்றன என்றால் கூட்டம் வாங்கும் கூட்டமல்ல. எந்த மேசை எப்போது கட்டியது என்று நேரத்தைக் குறியுங்கள்.

அடுத்தது, ஒருவரிடம் ஒருவர் வாங்கினார்களா? காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வியாபாரிகளுக்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். அதில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், பார்வையாளருக்காக நீங்கள் நடத்தியது வீண்.

கடைசியாக, ஞாயிறு மாலை அடுத்த ஆண்டுக்கு மேசை வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்பவரிடம் சிறு முன்பணம் கேளுங்கள். சட்டைப்பையிலிருந்து எடுத்த பணம் பொய் சொல்லாது. இருபது மேசையில் பதினான்கு பேர் கொடுத்தால் பிழைத்தோம். ஐந்து பேர் என்றால் அன்றிரவே உட்கார்ந்து பேச வேண்டும்.

சிறப்பு உறை (விழாவுக்கென்றே அச்சடித்து அஞ்சல் துறை முத்திரை குத்தும் உறை) வெளியிட்டீர்கள் என்றால் அது எத்தனை விற்றது என்பதை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே ஆள் கட்டாக வாங்கி அடுத்த ஊரில் விற்கப்போகிறார். அஞ்சல் துறை வரவும் முத்திரை குத்தவும் ஒத்துழைத்ததே ஒரு கௌரவம், அவ்வளவுதான். ஏலம் வைத்தீர்கள் என்றால், எவ்வளவு தொகைக்குப் போனது என்பதைவிட எத்தனை வெவ்வேறு கைகள் உயர்ந்தன என்பதை எண்ணுங்கள். மூன்று பேரே எல்லாவற்றையும் எடுத்தால் அதை ஒரு வீட்டு வரவேற்பறையிலேயே நடத்தியிருக்கலாம்.

சேகரிப்பாளர்கள்

இவர்களை அளப்பதற்கு நான் கண்ட நல்ல சாதனம் ஒரு பலகை. தலைப்பு “தேடுகிறேன்”. பக்கத்தில் சீட்டு, பேனா, குண்டூசி. வருகிறவர் எதைத் தேடி வந்தாரோ அதை எழுதிக் குத்த வேண்டும். “1960 திருவள்ளுவர் அஞ்சல்தலை, முத்திரை விழாதது.” “நயா பைசாவில் இன்னும் இரண்டு ஆண்டு மட்டும் பாக்கி.” “சாத்தூர்த் தீப்பெட்டிப் படங்கள், எதுவானாலும்.” கிடைத்துவிட்டால் சீட்டை அவரே குறுக்கே அடித்துவிட்டுப் போக வேண்டும். கடைசி நாள் மாலையில் மொத்தச் சீட்டையும் அடித்த சீட்டையும் எண்ணுங்கள். அறுபதில் பதினைந்து அடிபட்டிருந்தால் நான்கில் ஒருவர் தேடியதோடு வீடு போயிருக்கிறார்.

அடிபடாத சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த ஆண்டு எந்த வியாபாரியைக் கூப்பிட வேண்டும் என்று சொல்வது அவைதான். நாங்கள் ஆண்டாண்டாகக் குடியரசு இந்திய நாணய வியாபாரிகளையே நிரப்பிவந்தோம். பலகையில் பாதிச் சீட்டு தென்னிந்தியக் காசுகளைக் கேட்டிருந்தது. ராஜராஜன் காசு, நாயக்கர் காசு, தரங்கம்பாடி டேனிஷ் காசு என்று. அந்தப் பலகை இல்லாவிட்டால் எங்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

பரிமாற்ற மேசையும் ஒன்று போடுங்கள். பணம் புழங்கக் கூடாது. கையில் இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். அங்கே எத்தனை பரிமாற்றம் நடந்தது என்று எண்ணுவது முடியாத காரியம். நான்கு நாற்காலி போட்டிருந்தோம், மாலையில் எத்தனை நாற்காலி அதைச் சுற்றி இழுக்கப்பட்டிருந்தது என்று மட்டும் பார்ப்பேன். ஒரு முறை பதினொன்று. அவற்றில் மூன்று மேடையிலிருந்து வந்தவை, சிறப்பு விருந்தினர்கள் உட்கார வேண்டியவை.

காட்சிக்கு வைப்பவர்களை அளக்க வேறு அளவு. அஞ்சல்தலை உலகில் இதற்கு ஒழுங்கான மதிப்பெண் முறையே இருக்கிறது. ஒரு சட்டகத்துக்குப் பதினாறு தாள். சர்வதேச அஞ்சல்தலைக் கூட்டமைப்பின் விதிப்படி, மரபுவகைச் சேகரிப்பு (அஞ்சல்தலைகளையே ஆராயும் வகை) என்றால் நூற்றில் பொருளைக் கையாண்ட விதத்துக்கும் அதன் முக்கியத்துவத்துக்கும் 30, அறிவுக்கும் சொந்த ஆய்வுக்கும் 35, நிலைமைக்கும் அரிதாகக் கிடைப்பதற்கும் 30, அழகாக அடுக்கியதற்கு வெறும் 5. நம் ஊரில் பலர் அந்த ஐந்துக்காகத்தான் இராத்திரி பகலாகப் பூ வேலை செய்கிறார்கள். உள்ளூர்க் கண்காட்சியில் பதக்கம் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொருவருக்கும் இந்த நான்கு தலைப்பில் எங்கே எவ்வளவு என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள், நகலைச் சங்கத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே ஆள் அதே பொருளில் எத்தனை மதிப்பெண் ஏறினார் என்று பார்க்கலாம். முதன்முறை காட்சிக்கு வைத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே பன்னிரண்டு பேர் அதே சட்டகங்களைக் கொண்டுவந்தால் அது கண்காட்சி அல்ல, கொலு. கொலுவில்கூட ஆண்டுக்கொரு புது பொம்மை வாங்கிவைப்பார்கள்.

பணம்

வரவு செலவை நான் விரிக்கப்போவதில்லை, அதற்குப் பொருளாளர் இருக்கிறார். ஒரே ஒரு விஷயம் மட்டும். மேசை வாடகையில் வந்த வரவையும் நன்கொடையையும் கலக்காதீர்கள். செலவு 90,000, மேசை வரவு 75,000, குறைந்த 15,000-ஐ ஊர்ப் பெரியவர் ஒருவர் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு நேராகிவிட்டது என்று அறிக்கை வாசித்துக் கைதட்டுவார்கள். அவர் அடுத்த ஆண்டு கை விரித்தால்? கண்காட்சி தன் காலில் நிற்கவில்லை, 15,000 ரூபாய் அளவுக்கு ஒருவர் தோளில் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் தனியாக ஒரு வரி எழுதிவையுங்கள்.

கருத்துக் கேட்பது

கருத்துப் பதிவேட்டில் நம் மக்கள் எழுதுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. “மிக அருமை. வாழ்த்துகள். பணி தொடரட்டும்.” எங்கள் பதிவேடுகள் முழுக்க இதுதான். வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வார்?

“எப்படி இருந்தது?” என்பதை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். எந்த மேசை முன்னால் அதிக நேரம் நின்றீர்கள்? எதையாவது கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டீர்களா? இரண்டே கேள்வி, வாயால் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் தங்கமான பதில்கள் வரும். “அந்த ஐயா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார், தொந்தரவு செய்ய மனமில்லை” என்று ஒரு கல்லூரிப் பெண் சொன்னார். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு சட்டக வரிசைக்கும் விளக்கம் சொல்ல ஓர் ஆளை நிற்கவைத்தோம். பெண்கள் கழிப்பறைக்கு வழி கேட்கத் தயங்கினோம் என்று சொன்னவர்கள் மூன்று பேர். அம்புக்குறி போட்ட ஒரு தாள் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

எண்ணில் அடங்காதவற்றுக்கு ஒரு பக்கம்

நோட்டில் ஒரு பக்கத்தை வெறுமனே விட்டுவைத்து, நிகழ்ந்ததை அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊர் செட்டிநாட்டை ஒட்டியது. ஒரு மழை நாளில், வாசல் கணக்கு படுத்துக் கிடந்தபோது, வயதான ஆச்சி ஒருவர் தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஜப்பானியர் மலாயாவைப் பிடித்திருந்த காலத்து வாழைமரப் பத்து டாலர் நோட்டுகள், ஒரு கட்டு. அப்பச்சி (அப்பா) கொண்டுவந்தது, ஏன் செல்லவில்லை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றார். 1945-இல் ஜப்பான் தோற்றதும் ஒரே நாளில் அது வெறும் காகிதமானது என்று விளக்கினோம். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதுதான் எங்கள் அப்பச்சி அப்புறம் கப்பல் ஏறவே இல்லை” என்றார். அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் வியாபாரத்தை மறந்து உட்கார்ந்து கேட்டார்கள். விற்கவில்லை. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். வாசலில் அவருக்கு ஒரு புளியங்கொட்டை.

மூன்று மாதம் கழித்து

கண்காட்சி முடிந்த வாரத்திலேயே எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு மேல் தள்ளினால் செயலாளர் சொல்லும் எண்ணே நிலைத்துவிடும். ஆனால் தீர்ப்பை அப்போது எழுத வேண்டாம். மாதக் கூட்டம் எதற்கு இருக்கிறது?

மாதக் கூட்டத்துக்குத் தனி நோட்டு ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் பன்னிரண்டு கட்டம், வந்தால் ஒரு கோடு. கண்காட்சிக்குப் பின் முதல் கூட்டத்துக்கு எப்போதும் ஏழெட்டுப் புதுமுகம் வரும். அதை வைத்து மகிழ்ந்துவிடாதீர்கள். முதல் கூட்டத்தில் அவர்களிடம் பேசியவர் யார் என்று பாருங்கள். எங்கள் சங்கத்தில் பழையவர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வோம்; புதியவர் ஓரத்தில் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். இரண்டாம் மாதம் அவர் பெயருக்கு நேரே கட்டம் காலி. இப்போது ஒவ்வொரு புதியவருக்கும் பக்கத்தில் ஒரு பழைய உறுப்பினரை உட்கார வைக்கிறோம், நோட்டில் அவர் பெயரையும் எழுதுகிறோம். யார் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் திரும்பி வருகிறார்கள் என்பது ஓராண்டில் தெரிந்துவிட்டது. அது எங்கள் பெரிய நிபுணர்கள் யாருமல்ல. ஓய்வு பெற்ற அஞ்சல்காரர் ஒருவர். சேகரிப்பு என்று அவரிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது.

மூன்றாவது கூட்டத்தன்று கோடுகளை எண்ணி, தொடக்கத்தில் கையெழுத்து வாங்கிய தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பத்துப் பேர் என்று எழுதி நான்கு பேர் வந்திருந்தால், நான்கு என்று எழுதுங்கள். அந்த நான்கு பேரையும் கூப்பிட்டு அடுத்த கண்காட்சிக்கு வாசல் பொறுப்பைக் கொடுங்கள். புளியங்கொட்டை டப்பா எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.